பிறந்தநாள் பரிசாக ஒரு மலை உச்சி!

"டீச்சர், அட்லஸில் இருக்கிற எல்லைக் கோடு அங்கே தரையிலும் போட்டிருக்குமா?"

நான் பள்ளியில் பாடம் நடத்திய காலத்தில் ஏறத்தாழ ஒவ்வொரு ஆண்டும் ஏதாவது ஒரு குழந்தை இந்தக் கேள்வியைக் கேட்டுவிடும். மற்றப் பிள்ளைகள் 'கொல்'லென்று சிரிப்பார்கள். நான் மட்டும் சிரிக்க மாட்டேன். ஏனென்றால், பெரியவர்களையே திணற வைக்கும் கேள்வி அது.

இன்று அந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு மலைக்குப் போகலாம், வாருங்கள். அது மிக உயரமான மலை ஒன்றும் இல்லை. ஆனால் அதன் உச்சியை வைத்து ஒரு வேடிக்கையான வழக்கே நடந்திருக்கிறது. அந்த மலையின் பெயர் ஹால்டி. பின்லாந்து, நார்வே என்ற இரண்டு நாடுகளின் எல்லையில் அது இருக்கிறது.

கை தூக்கிய பெண்

அட்லஸை எடுங்கள். ஐரோப்பாவின் வடக்குப் பகுதியில் பின்லாந்தைக் கண்டுபிடியுங்கள். சற்றுத் தள்ளி வைத்துப் பாருங்கள். நீண்ட பாவாடை கட்டிய ஒரு பெண் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதுபோல் தெரிகிறதா? பின்லாந்து மக்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். தங்கள் நாட்டை 'பின்லாந்துப் பெண்' என்றே செல்லமாக அழைக்கிறார்கள். தூக்கிய அந்தக் கையின் பெயர் 'காசிவார்சி'. அந்நாட்டு மொழியில் 'கை' என்றுதான் அதற்குப் பொருள்.

முன்பு அந்தப் பெண்ணுக்கு இரண்டு கைகளும் இருந்தன! இரண்டாம் உலகப் போரில் சோவியத் யூனியனிடம் தோற்ற பின்லாந்து, 1944-இல் பெட்சாமோ என்ற பகுதியை இழந்தது. வரைபடத்தில் ஒரு கை காணாமல் போனது. கரேலியா என்ற பகுதியின் பெரும்பங்கும் பறிபோனது. சுமார் 4 லட்சம் மக்கள் தங்கள் வீடு வாசலை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. நாட்டு எல்லைகள் பெரும்பாலும் இப்படித்தான் மாறியிருக்கின்றன. போர் வரும், தோற்றவர் நிலத்தைக் கொடுக்க வேண்டும்.

இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

மிச்சமிருக்கும் அந்த ஒரு கையின் நுனிப்பக்கம்தான் நாம் போகப்போகும் இடம்.

இரவே இல்லாத கோடை

நம் நடைப்பயணம் தொடங்கும் ஊர் கில்பிஸ்யார்வி. 'யார்வி' என்றால் ஏரி. பின்லாந்து வரைபடத்தில் 'யார்வி' என்று முடியும் பெயர்கள் நிறைய இருக்கும். இருக்காதா பின்னே? அந்த நாட்டில் சிறிதும் பெரிதுமாகச் சுமார் 1,88,000 ஏரிகள் இருக்கின்றன!

ஜூலை மாதம் போவதாக வைத்துக்கொள்வோம். இரவு உணவை முடித்துவிட்டு, 'இருட்டட்டும், தூங்கலாம்' என்று காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். இந்த ஊர் ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே இருக்கிறது. கோடையில் சுமார் இரண்டு மாதங்கள் சூரியன் மறைவதே இல்லை. நள்ளிரவு 12 மணிக்கும் வெயில் அடிக்கும். குளிர்காலத்தில் நேர் எதிர். பல வாரங்களுக்குச் சூரியன் தலைகாட்டாது.

ஹால்டிக்குச் சாலை வசதி உண்டா? பின்லாந்துப் பக்கத்தில் கிடையாது. சுமார் 55 கிலோமீட்டர் நடக்க வேண்டும். திரும்பி வர இன்னொரு 55 கிலோமீட்டர். போய்வர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். சாப்பாடு, படுக்கை, மழைக்கோட்டு எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டே நடக்க வேண்டும். வழியில் கடை இல்லை. நிழலுக்கு ஒதுங்க மரம்கூட இல்லை. குளிர் அதிகமாக இருப்பதால் உயரமான இடங்களில் மரங்கள் வளர்வதில்லை. குட்டையான புதர்கள், பாசி, பாறை, ஏரி, ஓடை... இவைதாம் துணை. வழியில் பிட்சுஸ்கோங்காஸ் என்ற அருவி 17 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதைப் பார்க்கலாம். கொசுக்களும் கூடவே வரும். ஆர்க்டிக் பகுதியில் கொசுவா என்று கேட்காதீர்கள். கோடையில் கூட்டம் கூட்டமாக வரும்!

தங்குவதற்கு வழியில் ஆங்காங்கே மரக் குடில்கள் உண்டு. பூட்டு இல்லை, வாடகை இல்லை. யார் வேண்டுமானாலும் தங்கலாம். அங்கே ஓர் அருமையான வழக்கம் இருக்கிறது. குடிலில் இடம் நிறைந்துவிட்டால், 'நான்தான் முதலில் வந்தேன்' என்று யாரும் சொல்லக்கூடாது. கடைசியாக வருபவருக்குத்தான் முதல் உரிமை! அவர்தானே அதிகம் களைத்திருப்பார்? முன்னால் வந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுக்க வேண்டும். கிளம்பும்போது அடுத்து வருபவருக்காகக் குடிலைச் சுத்தம் செய்துவைக்க வேண்டும். நம் பேருந்துகளில் துண்டு போட்டு இடம் பிடிப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும், இல்லையா?

உச்சிக்கு முன்னால் நாடு முடிந்துவிட்டது!

கடைசி நாள். சரிவு முழுவதும் பெரிய பெரிய பாறைத் துண்டுகள். கால் இடறாமல் பார்த்துப் பார்த்து ஏறுகிறோம். மேலே கற்களை அடுக்கிவைத்த ஒரு குவியல் தெரிகிறது. அருகே போய்ப் பார்த்தால், அது எல்லைக் கல். அதன் எண் 303பி. அந்த இடத்தின் உயரம் 1324 மீட்டர்.

"வந்துவிட்டோம்! பின்லாந்திலேயே உயரமான இடம் இதுதான்!" என்று கைதட்டுகிறோம். வந்தவர்கள் கையெழுத்துப் போட அங்கே ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்திருக்கிறார்கள்.

சரி, கையெழுத்துப் போட்டாயிற்று. நிமிர்ந்து பார்த்தால்... அட! மலை இன்னும் மேலே ஏறிக்கொண்டே போகிறதே!

ஆமாம். நாம் நிற்பது உச்சி இல்லை, வெறும் சரிவு. மலைக்கு உச்சி இருக்கிறது; ஆனால் நாடு இங்கேயே முடிந்துவிட்டது! சற்றுத் தள்ளி 1331 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஹால்திட்சோக்கா என்ற உச்சி. வெறும் 7 மீட்டர்தான் வித்தியாசம். ஒரு மாடி வீட்டின் உயரம்கூடச் சில சமயம் அதைத் தொட்டுவிடும். ஆனால் அந்த உச்சி நார்வேக்குச் சொந்தம். இதே மலைத்தொகுதியின் எல்லாவற்றையும்விட உயரமான முகடும் நார்வேக்குள் இன்னும் தள்ளித்தான் இருக்கிறது.

நார்வேக்கு இது பெரிய சொத்தா என்றால், அதுவும் இல்லை. நார்வேயின் உயரமான சிகரமான கால்ட்ஹோபிகென் 2469 மீட்டர். அந்த நாட்டில் 2000 மீட்டரைத் தாண்டிய சிகரங்கள் மட்டுமே நூற்றுக்கணக்கில் உண்டு. அவற்றுக்கு நடுவே 1331 மீட்டரை யார் கண்டுகொள்வார்கள்?

மணலில் ஒரு சோதனை

உச்சியை விட்டுவிட்டுச் சரிவில் யாராவது எல்லை போடுவார்களா? ஒரு சிறிய சோதனை செய்து பார்த்தால் புரிந்துவிடும்.

ஈர மணலில் ஒரு குன்று செய்யுங்கள். குன்றின் இந்தப் பக்கம் ஒரு குச்சி, அந்தப் பக்கம் ஒரு குச்சி நடுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு நூலை நேராகக் கட்டுங்கள். நூல் சரியாக உச்சியின் மேல்தான் போகும் என்று சொல்ல முடியுமா? பெரும்பாலும் உச்சிக்குச் சற்று இந்தப் புறமோ அந்தப் புறமோதான் போகும். நூலுக்கு உச்சியைப் பற்றி என்ன கவலை?

இங்கே நடந்ததும் இதுதான். அந்தக் காலத்தில் பின்லாந்து, ஸ்வீடன் அரசின் கீழ் இருந்தது. நார்வே, டென்மார்க் அரசரின் கீழ் இருந்தது. இரு தரப்பும் 1751-இல் எல்லை ஒப்பந்தம் செய்துகொண்டன. பிறகு நில அளவையாளர்கள் மலையிலும் சதுப்பிலும் நடந்து போய்க் கற்குவியல்களை எழுப்பினார்கள். ஒரு குவியலிலிருந்து அடுத்த குவியலுக்கு நேர்கோடு, அதுதான் எல்லை. விமானம் இல்லாத காலம். செயற்கைக்கோள் இல்லாத காலம். அவர்கள் போட்ட அந்தக் கோடு ஹால்டியின் உச்சிக்குப் பக்கத்திலேயே போய், உச்சியைத் தொடாமல் நழுவிவிட்டது.

ஒரு பெரியவரின் ஆசை

ப்யோர்ன் கெய்ர் ஹார்சன் என்பவர் நார்வேயின் நில அளவைத் துறையில் பணியாற்றியவர். 1972-இல் புவியீர்ப்பு விசையை அளக்கும் வேலைக்காக அந்தப் பகுதியின் மேல் பறந்தார். கீழே பார்த்தபோது, பக்கத்து நாட்டின் மிக உயரமான இடம் ஒரு சரிவில் இருப்பது அவருக்கு விசித்திரமாகப் பட்டது. அந்த எண்ணம் அவர் மனத்திலேயே தங்கிவிட்டது.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. அவர் ஓய்வும் பெற்றுவிட்டார். அப்போது ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. பின்லாந்து விடுதலை பெற்ற நாள் 1917 டிசம்பர் 6. அப்படியானால் 2017-இல் அதற்கு நூறாவது பிறந்தநாள்! பக்கத்து வீட்டுக்காரரின் நூறாவது பிறந்தநாளுக்கு நல்ல பரிசு கொடுக்க வேண்டாமா?

2015-இல் அவர் நார்வே வெளியுறவுத் துறைக்கு ஒரு கடிதம் எழுதினார். 'எல்லையைக் கொஞ்சம் நகர்த்தி, அந்த மலை உச்சியைப் பின்லாந்துக்குப் பரிசாகக் கொடுத்துவிடலாமே!' என்பதுதான் அதன் சாரம்.

எவ்வளவு நிலம் தெரியுமா? 0.015 சதுர கிலோமீட்டர். அதாவது 15,000 சதுர மீட்டர். ஏறத்தாழ இரண்டு கால்பந்து மைதானங்கள். அதுவும் வெறும் பாறை. பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை.

செய்தி பரவியது. பேஸ்புக்கில் இதற்காக ஒரு பக்கம் தொடங்கப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் 'கொடுக்கலாம், கொடுக்கலாம்' என்று ஆதரவு தெரிவித்தார்கள். மலை இருக்கும் கோபியோர்ட் என்ற நார்வே உள்ளாட்சியின் தலைவரும் ஆதரித்தார். உலகம் முழுவதும் பத்திரிகைகள் எழுதின.

இப்போது முதலில் சொன்னதை நினைத்துப் பாருங்கள். போரில் தோற்று நிலத்தை இழந்த நாடு பின்லாந்து. அதற்கு, யாரும் மிரட்டாமல், யாரும் கேட்காமல், 'எங்கள் நிலத்தில் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள்' என்று பக்கத்து நாட்டு மக்கள் சொல்கிறார்கள்! வரலாற்றில் இப்படி எத்தனை முறை நடந்திருக்கும்?

பிரதமரின் பதில்

2016 அக்டோபரில் அப்போதைய நார்வே பிரதமர் எர்னா சோல்பர்க் பதில் சொன்னார். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் கொடுக்க முடியாது!

காரணம், நார்வேயின் அரசியலமைப்புச் சட்டம். நாடு சுதந்திரமானது, பிரிக்க முடியாதது, பிறருக்குக் கைமாற்றிக் கொடுக்க முடியாதது என்று அதன் முதல் பிரிவே சொல்கிறது. எனவே ஒரு பாறைத் துண்டைக்கூடப் பரிசாக எடுத்துக் கொடுக்கப் பிரதமருக்கு அதிகாரம் இல்லை.

"என்ன இது! இரண்டு மைதானம் அளவுள்ள பாறைக்குக்கூடவா சட்டம் பேசுவார்கள்?" என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்தச் சட்டம் எப்போது எழுதப்பட்டது என்று பார்த்தபோது என் எண்ணம் மாறியது.

1814 ஜனவரி. நெப்போலியனின் பக்கம் நின்ற டென்மார்க் அரசர் போரில் தோற்றார். வென்றவர்களுடன் செய்த ஒப்பந்தத்தில் நார்வே முழுவதையும் தூக்கி ஸ்வீடன் அரசரிடம் கொடுத்துவிட்டார்! நார்வே மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு வீட்டின் நாற்காலியை அடுத்த வீட்டுக்குத் தூக்கிப் போவதுபோல் ஒரு நாட்டையே கைமாற்றினார்கள்.

நார்வே மக்கள் கொதித்துப் போனார்கள். அவர்களுடைய பிரதிநிதிகள் ஐட்ஸ்வோல் என்ற ஊரில் கூடினார்கள். 1814 மே 17-இல் தங்களுக்கென்று ஓர் அரசியலமைப்புச் சட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள்.  அதன் பிறகும் ஸ்வீடனுடன் ஒரே அரசரின் கீழ் இருக்க வேண்டி வந்தது. 1905-இல்தான் முழுமையாகப் பிரிந்தார்கள். ஆனாலும் அந்தச் சட்டத்தை விடாமல் காப்பாற்றினார்கள். இன்றும் மே 17-தான் நார்வேயின் தேசிய நாள்.

தங்களை ஒரு பொருள்போல ஒருவர் கொடுத்துவிட்டாரே என்ற வலியில் எழுதிய சட்டம் அது. இருநூறு ஆண்டுகள் கழித்து, அன்பாக ஒரு மலை உச்சியைக் கொடுக்க நினைத்தபோது, அதே சட்டம் குறுக்கே வந்து நின்றது!

மான்கள் அறியாத கோடு

இந்த வழக்கில் இன்னொரு தரப்பும் இருக்கிறது. ஹால்திட்சோக்கா என்பது எந்த மொழிப் பெயர் தெரியுமா? நார்வே மொழியும் இல்லை, பின்லாந்து மொழியும் இல்லை. அது சாமி மொழிப் பெயர். சாமி மக்கள் இந்தப் பகுதியின் பழங்குடிகள். இரண்டு நாடுகளும் கோடு போடுவதற்கு வெகு காலம் முன்பிருந்தே அங்கே வாழ்பவர்கள். இன்று நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ரஷ்யா என நான்கு நாடுகளில் பரவியிருக்கிறார்கள்.

அவர்களில் பலரின் தொழில் ரெயின்டீர் என்னும் துருவ மான்களை மேய்ப்பது. மான்கள் குளிர்காலத்தில் உள்நாட்டுக் காடுகளில் இருக்கும். கோடையில் கடற்கரைப் பக்கம் போகும். மான்கள் போகும் வழியில்தான் மக்களும் போவார்கள்.

1751-இல் எல்லை போட்டவர்களுக்கு இது தெரிந்திருந்தது. எனவே ஒப்பந்தத்துடன் 30 பிரிவுகள் கொண்ட ஓர் இணைப்பையும் சேர்த்தார்கள். சாமி மக்கள் தங்கள் மான்களோடு எல்லையைத் தாண்டிப் போய்வரலாம் என்று அது உரிமை கொடுத்தது.

ஆனால் பின்னர் பின்லாந்து ரஷ்யப் பேரரசின் கீழ் வந்தது. 1852-இல் நார்வேக்கும் பின்லாந்துக்கும் நடுவே இந்தப் போக்குவரத்துக்கு எல்லை மூடப்பட்டது. தாத்தா காலத்திலிருந்து மான்களோடு நடந்த பாதை திடீரென்று 'வெளிநாடு' ஆகிவிட்டது. சில குடும்பங்கள் வாழ வழி தேடி வேறு பகுதிகளுக்கு இடம் பெயர்ந்தன. காகிதத்தில் ஒரு கோடு. ஆனால் அதன் பாரம் மக்களின் தோளில் விழுந்தது.

இப்போது நிலைமை எப்படி? மனிதர்கள் எல்லையைத் தாண்டுவது எளிதாகிவிட்டது. 1950-களிலிருந்தே இந்த வட நாடுகளின் குடிமக்கள் பாஸ்போர்ட் இல்லாமல் போய்வருகிறார்கள். 2001 முதல் இரு நாடுகளும் ஷெங்கன் ஏற்பாட்டில் இருப்பதால், நாம் போனாலும் ஒரே விசா போதும். மலை மேல் காவலர் இல்லை, கம்பிக் கதவு இல்லை. எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு காலும் அந்தப் பக்கம் ஒரு காலும் வைத்து நிற்கலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மான்கள்தாம் பாவம்! நாடு மாறிப் போகாமல் தடுக்க எல்லையில் அவற்றுக்கு வேலி போட்டிருக்கிறார்கள்.

நீங்களே நீதிபதி

2017 டிசம்பர் 6-இல் பின்லாந்து தன் நூறாவது பிறந்தநாளைக் கொண்டாடியது. மலை உச்சி கிடைக்கவில்லை. ஹால்டியின் உச்சி இன்றும் நார்வேயில்தான் இருக்கிறது. பின்லாந்தின் உயரமான இடம் இன்றும் அந்தச் சரிவுதான்.

அதற்காக யாரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவில்லை. பின்லாந்திலிருந்து நடந்து வருபவர்கள் 303பி-யில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மேலே ஏறி நார்வே உச்சியையும் ஒரு முறை தொட்டுவிட்டுத் திரும்புகிறார்கள்.

குழந்தைகளே, அடுத்த வாரம் உங்கள் வகுப்பில் ஒரு வழக்காடு மன்றம் நடத்திப் பாருங்கள். ஒருவர் ஹார்சன். ஒருவர் நார்வே பிரதமர். ஒருவர் 1814-இல் ஐட்ஸ்வோலுக்குப் போன பிரதிநிதி. இன்னொருவர் சாமி மான் மேய்ப்பர். அவரை மறந்துவிடாதீர்கள், இந்த வழக்கில் பலரும் கேட்க மறந்தது அவரைத்தான். மலை உச்சியைக் கொடுக்கலாமா, கூடாதா? ஒவ்வொருவரும் தங்கள் காரணத்தைச் சொல்லட்டும். வகுப்பு முழுவதும் தீர்ப்புச் சொல்லட்டும்.

அப்புறம், அட்லஸில் இருக்கிற கோடு தரையிலும் போட்டிருக்குமா என்று யாராவது கேட்டால் சிரிக்காதீர்கள். "கோடு இருக்காது, அங்கங்கே கற்குவியல் இருக்கும். அதைப் போட்டது யார், எப்போது, அதனால் யார் பாதிக்கப்பட்டார்கள் என்று சேர்ந்து தேடலாம், வா!" என்று சொல்லுங்கள்.